தலையை வெட்டினால் மரம் அடங்குமா?

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ‘சார்’தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எங்கள் தோட்டத்து யூகலிப்டஸ் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி அவர் சொன்ன யோசனை வெகுநாள் என்னை விடவில்லை. “தலைய எடுத்துடுங்கம்மா, மரம் அடங்கிடும்” என்றார். அதில் கோபமும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஊரில் பாதிப் பேர் நம்புவதைத்தான் அவரும் சொன்னார். உயரமாக இருப்பதால் ஆபத்து, உயரத்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்பது கேட்பதற்கு மிக நியாயமான கணக்கு. என்னை உறுத்தியது வேறு ஒன்று. எங்களுக்கு இந்த வீட்டை விற்றவர், பல ஆண்டுகளுக்கு முன்பே ஆள் வைத்து அதன் தலையை வெட்டியிருந்தார். அடங்குவதாக இருந்தால் அது அப்போதே அடங்கியிருக்க வேண்டும். இன்றோ அது இரண்டு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடிகிற அளவுக்குப் பருத்து, ஓட்டுக்கூரையைவிடப் பல மடங்கு உயர்ந்து, மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள கெலுகோரின் இந்தத் தெருமுனைக்கு வருபவர்களுக்கு வழி சொல்ல உதவும் அடையாளமாக நிற்கிறது.

சாரின் பயம் வெறும் பயமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல்மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் விழுந்த மரங்களை அறுக்கும் சத்தம் ஓயவில்லை. 2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பட்டப்பகலில் ஒரு பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தபோது, அந்தக் காணொளி எங்கள் தாமானின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் வந்து விழுந்தது, அதன் கீழேயே எங்கள் மரத்தின் படத்தையும் யாரோ போட்டிருந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து விடியலுக்கு முன் அறைகிற சுமத்ராக் காற்று வேறு இருக்கிறது. அந்த நேரத்தில் விழித்துக்கொண்டு மேலே கிளைகள் உரசுவதைக் கேட்டபடி படுத்திருப்பது எனக்கும் பழக்கமான அனுபவம்தான். ஆகவே மரத்தின் பக்கமா மனிதர் பக்கமா என்று கட்சி பிரித்து இதை எழுத எனக்கு விருப்பமில்லை. தலையை வெட்டுவதால் சாரின் கூரைக்கு உண்மையில் பாதுகாப்பு கிடைக்குமா என்பது ஒன்றே எனக்குக் கேள்வி.

வேறு ஊர் மரத்தின் பழி

யூகலிப்டஸ் என்றவுடன் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது நீலகிரி. 1843இல் கேப்டன் காட்டன் என்பவர் ஊட்டிக்குக் கொண்டுவந்ததாகப் பதிவாகியிருக்கும் அந்த மரம், குளிர் பிரதேச விறகுத் தேவைக்காகப் பரப்பப்பட்டு, பின்னர் சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் விழுங்கிய கதை தமிழ்நாட்டில் இன்றும் சூடாகப் பேசப்படுகிறது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற குற்றச்சாட்டின் பேரில் 2017இல் கர்நாடகா புதிதாக நடுவதற்கே தடை விதித்தது. இந்தச் செய்திகள் எல்லாம் எங்கள் குழுவுக்கும் வந்து சேர்ந்தன. ஆனால் மழை குறைந்த தக்காணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நெருக்கமாக நட்ட மரங்களின் தாகத்தை, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் தீவில் தனியாக நிற்கும் ஒரு மரத்தின் மேல் சுமத்துவது பொருந்தாது. எங்கள் தோட்டத்தின் பிரச்சினை நீர் வற்றுவதல்ல, மழைநாளில் நீர் தேங்குவதுதான்.

மேலும், எழுநூறுக்கும் மேற்பட்ட யூகலிப்டஸ் இனங்களில் எங்களுடையது நீலகிரி இனமே அல்ல. என் மாமியார் கெடாவின் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். சளி பிடித்தால் தைல இலையைப் போட்டு ஆவி பிடிக்கும் வழக்கம் உள்ளவர். முதன்முறை வந்தபோது, கீழே கிடந்த ஒரு பச்சை இலையைக் கசக்கி மூக்கருகே வைத்தார், முகத்தைச் சுளித்தார், இன்னொன்றைக் கசக்கினார். “இதுல ஒரு வாசமும் இல்லையேம்மா, யாரோ உங்கள ஏமாத்திட்டாங்க” என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டார். யாரும் ஏமாற்றவில்லை. இது மிண்டானோ, சுலாவெசி, நியூ கினி முதலிய ஈரமான தீவுகளின் ஆற்றங்கரைகளைத் தாயகமாகக் கொண்ட டெக்லுப்டா என்ற இனம். பூமத்திய ரேகைக்கு வடக்கேயும் இயற்கையாக வளரும் யூகலிப்டஸ் இது ஒன்றுதான். தைலத்திற்கு மணம் தரும் சினியோல் இதன் இலையில் சொல்லத்தக்க அளவு இல்லை. சபாவின் மரத்தோட்டங்களில் காகிதக்கூழுக்காக இதை நட்டார்கள். எங்களுக்கு வீட்டை விற்றவரும் ஒரு காலத்தில் சபாவில் வேலை பார்த்தவர் என்பதால், கன்று எந்த வழியாக வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

கொசுவை விரட்டும் என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமாபுரிக்கு அருகே துறவிகள் மலேரியாவை ஓட்ட யூகலிப்டஸ் நட்டார்கள். கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நம்பிய காலம் அது. நம் நாட்டில் 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் மலேரியாவைக் கட்டுப்படுத்தியது மரம் நட்டு அல்ல, சதுப்பில் தேங்கிய நீரை வடித்து. எங்கள் வீட்டில் நடப்பது நேர்மாறு: உதிர்ந்த இலைகள் கூரைத் தூம்பை அடைத்துக்கொள்ளும், அதில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு வளரும். டிங்கிப் பரிசோதனைக்கு வந்த அதிகாரி முதலில் ஏணி கேட்டது அதனால்தான். தூம்பைத் தவறாமல் சுத்தம் செய்ய முடியாதவர்கள் கூரையோரத்தில் பெரிய மரம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடாக அது தருவது அந்தப் பட்டை. மேல்தோல் காகிதம் போல மெல்லிய நீள நாடாக்களாகச் சுருண்டு உரியும். உரிந்த இடம் புதிய வாழைக்குருத்தின் பச்சையில் இருக்கும், தொட்டால் சில்லென்று வழுவழுக்கும். அந்தப் பச்சை நிறம் பச்சையத்தால் வருவது. நாள் போகப் போகப் பச்சையம் மங்கி, டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏறி, நிறம் நீலமாகவும் ஊதாவாகவும் பிறகு செம்மஞ்சளாகவும் செங்கபிலமாகவும் மாறும். எல்லா இடத்திலும் ஒரே நாளில் உரியாது என்பதால், இந்த நிறங்கள் அனைத்தும் ஒரே அடிமரத்தில் அடுத்தடுத்துக் கோடுகளாக நிற்கும். மழை நின்ற உடனே பார்த்தால் நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது இதற்காகத்தான். சாயம் பூசியிருக்கிறோமா என்று கேட்டவர்களும் உண்டு.

மேலே இருந்த காயம்

லாரியில் சங்கிலி ரம்பத்தோடு தெருத்தெருவாக வருகிற மரம் வெட்டிகள் இருவரிடம் விலை கேட்டோம். இருவரும் கீழேயிருந்தே பார்த்துவிட்டு ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: பாதியில் வெட்டிவிடலாம், உள்கிளைகளையும் கழித்துவிடலாம், காற்று புகுந்து போகும். கணவருக்கு அதில் பாதி மனம் வந்துவிட்டது. மேலே ஏறிப் பார்க்காமல் எப்படி முடிவு சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு நண்பர் மூலம் புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த, முறையாகப் பயிற்சி பெற்ற ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு வல்லுநர்) ஒருவர் கிடைத்தார். முப்பது வயதுகூட இராது. வந்தவர் ரம்பத்தை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. அடிமரத்தைச் சுற்றி வந்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். கறையான் மண் ஏறியிருக்கிறதா, அடியில் காளான் விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நம் நாட்டுக் கறையான்களில் சில உயிருள்ள மரத்தையே உள்ளே குடைந்துவிடும் என்பது ரப்பர்த் தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த செய்திதான். அடிமரம் நல்ல சத்தம் தந்தது. அதன் பிறகுதான் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறினார்.

எங்கள் மரம் பாதி உயரத்திற்கு மேல் பல தண்டுகளாகப் பிரிந்து நிற்கும். அது அதன் இயல்பான வடிவம் என்றே நான் நினைத்திருந்தேன். அவர் அங்கே போய் நின்று, தொடையளவு பருத்த ஒரு தண்டின் அடியில் கையை விட்டுத் துழாவிவிட்டு, கைப்பேசியில் எடுத்த காணொளியோடு இறங்கி வந்தார். “அக்கா, பழைய வெட்டு இங்கதான் இருக்கு, பாருங்க” என்றார். திரையில் தெரிந்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலமான வெட்டுவாய். அதன் நடுப்பகுதி கறுத்து, பஞ்சுபோல் நொய்ந்து, மழைநீர் தேங்கும் கிண்ணமாகியிருந்தது. அவர் திருப்புளியை அழுத்தியபோது அது பிடி வரைக்கும் தடையில்லாமல் இறங்கியது. அந்தக் கிண்ணத்தின் விளிம்பில், பட்டைக்குக் கீழே கிளம்பிய தண்டுகள் சுற்றிலும் நின்றன. கீழேயிருந்து நான் பெருமையோடு பார்த்த அந்த உயரம் முழுவதும், பல மீட்டர் நீளத் தண்டுகளாக, அந்த விளிம்பைப் பற்றிக்கொண்டுதான் நின்றிருந்தது.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். இயல்பாக வளரும் கிளை, அடிமரத்தின் உள்வரையில் வேர்விட்டதுபோல் பிணைந்திருக்கும். இரண்டின் மரநாரும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பூட்டிக்கொள்ளும். தலையை வெட்டியவுடன், இலையை இழந்த மரம் பட்டினியைச் சமாளிக்க, பட்டைக்கடியில் உறங்கிக்கிடந்த மொட்டுகளை அவசரமாகக் கிளப்பிவிடுகிறது. இந்தத் தளிர்கள் மேலடுக்கில் மட்டுமே ஒட்டியிருக்கும், ஆனால் சாதாரணக் கிளையைவிட வேகமாக நீளும். சில ஆண்டுகளில் பழைய உயரம் திரும்பிவிடும். அதே நேரத்தில் அந்தப் பெரிய வெட்டுவாய் வழியாக அழுகல் கீழ்நோக்கி இறங்குகிறது. ஆக, எடை கூடிக்கொண்டே போகிறது, அதைத் தாங்கும் இடம் இற்றுக்கொண்டே போகிறது. காற்று வேகமாக அடிக்கும் ஒரு நாளில் இரண்டும் சந்தித்துவிடுகின்றன. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து நிறுவியது இதன் அடிப்படையைத்தான்: மரத்தின் காயம் நம் காயத்தைப் போல் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்பு எழுப்பி, அதற்கு வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. சிறு கிளையை அதன் கழுத்துப் புடைப்புக்கு வெளியே சரியாக அறுத்தால் இந்தத் தடுப்பு நன்றாக எழும். நடு உடலைக் குறுக்கே வெட்டினால், பல மரங்களால் அது முடிவதில்லை.

உள்கிளைகளைக் கழித்தால் காற்று புகுந்து போகும் என்ற வாதமும் அன்றே விழுந்தது. உள்ளே இருக்கும் சிறுகிளைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு தாளத்தில் ஆடுவதால்தான் மரத்தின் மொத்த ஆட்டம் தணிகிறது. அவற்றை வழித்துவிட்டு நுனியில் மட்டும் குஞ்சம்போல் இலையை விட்டால், எடை முழுவதும் நுனிக்குப் போய், கிளை நெம்புகோலாகிவிடும்.

எங்களிடம் இருந்த வழி, முழுவதையும் அகற்றுவது அல்லது பழைய காயத்தின் மேல் ஏறும் சுமையைக் கட்டுப்படுத்துவது. மோசமாக ஒட்டியிருந்த தண்டு ஒன்றை முழுமையாக எடுத்தார்கள். மற்றவற்றின் நுனிகளைப் பக்கக்கிளை இருக்கும் இடமாகப் பார்த்துச் சுருக்கினார்கள். ஓர் ஆண்டில் உயிருள்ள இலைத்தொகுதியில் கால்பங்கிற்கு மேல் எடுக்கக்கூடாது என்று அந்தத் தம்பி பிடிவாதமாக இருந்தார். சாரின் கூரைப்பக்கம் நீண்ட கிளைகளுக்கே முதல் கவனம். வெட்டிய இடத்தில் சாயமோ தாரோ பூசவில்லை; அது ஈரத்தை உள்ளே பூட்டி அழுகலுக்குத்தான் துணைபோகும். வேலை முடிந்தபோது மரம் வெட்டப்பட்டது போலவே தெரியவில்லை என்பது எங்கள் தெருவில் ஒரு குறையாகவே பேசப்பட்டது. கொடுத்த பணத்திற்கு ஒரு மொட்டை மரமாவது தெரிய வேண்டாமா என்று கேட்காத குறைதான்.

அடியில் செய்ய வேண்டியவை

மேலே நடந்தது ஒரு நாள் வேலை. கீழே நடப்பது அன்றாட வேலை. அடிமரத்தைச் சுற்றி முன்பிருந்தவர் போட்டிருந்த சிமெண்ட் வளையத்தை உடைத்தெடுத்தோம். அதன் கீழே குவிந்திருந்த மண்ணை விரலாலும் சிறு கரண்டியாலும் மெல்லத் தள்ளியபோது, அடிமரம் விரிந்து வேராகும் இடம் ஒரு சாண் ஆழத்தில் தென்பட்டது. அந்த இடம் காற்றாட வெளியே தெரிய வேண்டும். மூடிக்கிடந்தால் பட்டை நைந்து அழுகும். பெரிய மரத்தின் வேர் பாதாளம் வரை இறங்கியிருக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் உணவும் நீரும் எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் முழத்திலேயே, கிளைவிரிவையும் தாண்டிப் பரந்து கிடக்கும். அதனால்தான் மரத்தடியில் கார் நிறுத்துவதை விட்டோம். நிழலில் நிறுத்தும் சுகம் போய்விட்டதில் கணவருக்கு இன்னும் வருத்தம் உண்டு. அந்த இடத்தில் இப்போது உதிர்ந்த இலையும் பட்டையும் மெத்தையாகக் கிடக்கின்றன, அடிமரத்தை ஒட்டாமல் சற்று விலகி. சனவரி, பிப்ரவரி வறட்சியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கினால், கிளைவிரிவின் ஓரத்தில் குழாயை மெல்லிய ஒழுக்காக நெடுநேரம் திறந்து வைக்கிறேன். ஆற்றங்கரையில் பிறந்த இந்த இனம் வறட்சியைப் பொறுக்காது. உரம் எதுவும் போடுவதில்லை. இவ்வளவு வேகமாக வளரும் ஒன்றை இன்னும் வேகமாக வளரச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

யாராவது கன்று கேட்டால், நடாதீர்கள் என்றே சொல்கிறேன். தாயகத்தில் 60 மீட்டரைத் தாண்டக்கூடிய மரத்துக்கு வீட்டுத்தோட்டம் இடமல்ல. பூங்காவிலும் ஆற்றோரத்திலும் நடட்டும். வண்ணப்பட்டையின் படத்தைப் பார்த்து மயங்கி இணையத்தில் விதை வாங்குகிறவர்கள், அது தங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் யாருடைய கூரையின் மேல் நிற்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் மரத்தை அப்படிச் சொல்லித் தீர்த்துவிட முடியாது. சட்டமும் அதை ஒப்புவதில்லை: 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் வெட்டிச் சாய்க்கக்கூடாது. பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்து உள்ள மரத்துக்கும் விலக்கு உண்டு. சொந்த நிலத்தில் சொந்த மரம், யாரைக் கேட்க வேண்டும் என்பவர்கள் பலர். எங்கள் தெருவிலேயே இந்த விதியை அறிந்தவர்கள் மிகச் சிலர்தான்.

சாரிடம் அந்தக் காணொளியைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை பார்த்தார். “அப்போ போன தடவ வெட்டுனதுதான் இப்போ ஆபத்தா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முழுதாகச் சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். காற்று அடித்த மறுநாள் காலையில் இன்னும் வேலியருகே வந்து நின்று மேலே பார்க்கத்தான் செய்கிறார். அவருக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதை எழுதியும் வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் ஆள் ஏறி அந்தப் பழைய வெட்டுவாயைப் பார்த்து, அழுகல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து சொல்வார். அந்த அறிக்கையின் ஒரு பிரதி அவர் கைக்கும் போகும். அடியில் தட்டுக்காளான் விட்டால், மரம் புதிதாக ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணில் வெடிப்புக் கண்டால், அடுத்த சோதனைக்குக் காத்திராமல் மன்றத்தில் அனுமதி கேட்டு மரத்தையே அகற்றிவிடுவோம். அப்படி அகற்றும்போது ஒரே வீச்சில் சாய்க்க இங்கே இடமில்லை. துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டும், அதற்கு ஆகும் செலவு கணிசமானது. அதற்காக மாதந்தோறும் ஒரு தொகையைத் தனிக்கணக்கில் போட்டு வருகிறோம்.